அத்தான் காட்டிய காற்று

பக்கவாதம் வந்து, ஓல்போர்க் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அத்தானிடம் ஒரேயொரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "காத்து." நாங்கள் கதைப்பதெல்லாம் அவருக்கு விளங்கியது, பதில்தான் வரவில்லை. கட்டிலில் கிடந்தபடி அக்காவைப் பார்த்து, "காத்து, காத்து" என்பார். மூச்சு முட்டுகிறதாக்கும் என்று அக்கா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்துவிடுவா. ஜனவரிக் குளிர் உள்ளே பாயும். அத்தான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுவார்.

ஸ்கீவ என்ற ஊரில் அவர்கள் வாங்கியிருந்தது மிகப் பழைய செங்கல் வீடு. ஹீற்றரை எவ்வளவு கூட்டினாலும் அவருடைய கால்கள் ஐஸாகவே கிடந்தன. நரம்பு பாதித்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வந்த தாதி சொன்னா. நாங்களும் நம்பினோம்.

நான் அங்கே போயிருந்த ஒரு சனிக்கிழமை, வெளியே பேய்க்காற்று. அக்கா சாமித்தட்டில் ஊதுபத்தி கொளுத்திவிட்டுத் திரும்பினா. சக்கர நாற்காலியில் இருந்த அத்தான் இடக்கையை நீட்டி அதை எடுத்துவிட்டார்.

"இஞ்சருங்கோ, கையைச் சுட்டுப்போடுவியள்!" என்று அக்கா பறிக்கப் போனா.

"விடுங்கோக்கா, என்ன செய்யிறார் எண்டு பாப்பம்."

கண்ணால் அவர் காட்டிய பக்கம் நாற்காலியைத் தள்ளினேன். கட்டிலின் தலைமாடு. அத்தான் குனிந்து, சுவரும் பலகைத் தரையும் சேரும் இடத்தில் ஊதுபத்தியைப் பிடித்தார். நேரே எழுந்துகொண்டிருந்த புகை சட்டென்று மடங்கி, யாரோ வாயால் ஊதியதுபோல அறைக்குள் பாய்ந்தது. அன்றைக்குத்தான் காற்றைக் கண்ணால் கண்டேன்.

"காத்து!" என்றார் அத்தான். அக்கா அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் இருந்துவிட்டா. "இவ்வளவு நாளும் இதைத்தானே சொன்னவர்..."

பிறகு வீடு முழுக்கப் போனோம். ஜன்னல் நிலைகள், ஹீற்றர் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, பரணுக்குப் போகும் மூடி. புகை வளைந்த இடமெல்லாம் அவர் காட்ட, நான் வெடிப்புகளில் பசை நிரப்பினேன். ஜன்னல்களுக்கு றப்பர் நாடா ஒட்டினேன். குளியலறைச் சுவரில் இருந்த காற்றுத் துவாரத்தையும் அடைக்கப் போனபோது, என் சட்டையைப் பிடித்து இழுத்து, வேண்டாமென்று தலையாட்டினார். அதையும் அடைத்தால் ஈரம் போக வழியில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. பேச்சு போன மனிதருக்குள் எல்லாம் அப்படியே இருந்தது.

அடுத்த நாளும் காற்று ஓயவில்லை. கட்டிலின் தலைமாட்டில் பிடித்த ஊதுபத்தியின் புகை கோடு கீறியதுபோல மேலே போனது.

"இப்ப எப்பிடி இருக்கு?" என்று அக்கா கேட்டா.

அத்தானின் உதடுகள் கோணின. கழுத்து நரம்பு புடைத்தது. "காத்து... இல்லை."

பேச்சுப் பயிற்சியில் அதுவரை இரண்டு சொல் சேர்ந்து வந்ததேயில்லை. இன்று அத்தான் தடுமாறியேனும் முழு வசனம் கதைக்கிறார். அந்த இரண்டு சொல்லின் சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது. அன்று அக்காவுக்கும் அது நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "என்னப்பா? கேக்கேல்லை, திருப்பிச் சொல்லுங்கோ" என்றா.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். அவ மூன்றாம் முறையும் கேட்டா.