கூடத்தில் முப்பத்தெட்டுப் பேர்

முப்பத்தைந்தாவது பெயரோடு பேனா நின்றுவிட்டது. ஃப்ளோரா அதை உதறி, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, மிச்சமிருந்த மூன்றையும் பென்சிலால் எழுதினாள்: லிசா, சாய்நாத், மியா. மகள், மருமகன், பேத்தி. மற்ற முப்பத்தைந்து பேரும் கனடாவில் அவர்கள் இருக்கும் கிராமத்து ஆட்கள். கிராமம் மொத்தமே அவ்வளவுதான்.

மியா பிறந்தபோது ஃப்ளோரா அங்கே ஆறு மாதம் இருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கோதுமை வயல். மறைக்க ஒரு மரம் கிடையாது. வானம் தரை வரைக்கும் வந்து முடிந்தது. எல்லா வீட்டிலும் ஒரு வேளையாவது சாப்பிட்டிருக்கிறாள். குடும்பப் பெயர்கள் வாயில் நுழையாததால் தானே அடையாளம் வைத்துக்கொண்டாள்: பெரிய டோரீன், சின்ன டோரீன், கிடங்கு கார்ல், நாய்க்கார நோரா. மந்தைவெளியில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் அறுபத்துநான்கு வீடுகள். லிஃப்டில் சிரிக்கிறவர்கள் உண்டு. பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் தேறமாட்டார்கள்.

வியாழக்கிழமை லிசா பேசினாள். "பெரிய பனிப்புயல் வருதாம்மா. எல்லாரும் ஊர்க்கூடத்துக்குப் போறோம். கரண்ட் போனா போன் கெடைக்காது. பயப்படாத."

அதன் பிறகு இரண்டு நாளாக எண்ணை அழுத்தினால் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. லிசாவுக்கு மட்டும் வேண்டிக்கொள்ள ஃப்ளோராவுக்கு மனம் வரவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறார்கள். கூரை நின்றால் எல்லோருக்கும் நிற்கும்.

மாதா கோயில் வாசலில் இரண்டு பெட்டிகள். வலதுபக்கம் உள்ளது உயிரோடு இருப்பவர்களுக்காக வேண்டிக்கொள்ளப் பெயர் எழுதிப் போட. இடதுபக்கம் உள்ளதைக் கல்லறைத் திருநாளுக்காக வைப்பார்கள், இறந்தவர்களின் பெயர்களைப் போட. கணவர் கிளிஃபர்ட் போய்ப் பதினோரு வருடம். இந்த மாதத்தில் அவள் கை இடதுபக்கமே போய்ப் பழகியிருந்தது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமும் அங்கேதான் போயிற்று.

மறுநாள் மாலைப் பூசையில் இறந்தோர் பெயர்களைக் கோயிலின் பங்கு அலுவலகத்து ஷெல்டன் வாசித்தான். லிசாவோடு படித்தவன். பவுல்சாமி, மரிய சூசை என்று போய்க்கொண்டிருந்த குரல், "வால்ட்டர், பெரிய டோரீன், சின்ன டோரீன், கிடங்கு கார்ல்" என்றது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

ஃப்ளோராவுக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து நிறுத்தச் சொல்ல வேண்டும். அவர்கள் போய்விட்டது கைக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று ஓர் எண்ணம் வந்தது. அது வந்த பிறகு எழ முடியவில்லை.

"லிசா" என்றதும் ஷெல்டன் நிறுத்தினான். தாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். சாய்நாத்தை மெதுவாகச் சொன்னான். குழந்தையின் பெயரை அவன் வாசிக்கவில்லை.

வெளியே, பக்கத்துத் தெரு சோஃபியா சிரித்துக்கொண்டே வந்தாள். "இன்னாக்கா, ஒரு ஊரையே பொட்டியில போட்டுட்ட?" முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "லிசா... எப்பக்கா?"

"ஒண்ணும் ஆகல. போன் கெடைக்கல, அவ்ளோதான். பொட்டி மாறிப்போச்சு."

"பொட்டிதானே, வுடு. எம் மாமியார் பேரை உயிரோட கீறப்பவே ரெண்டு தபா இதுல போட்டிருக்கேன். இன்னிக்கும் வஞ்சிரந்தான் வேணும்னு கேக்குது."

ஃப்ளோரா சிரித்தாள். சோஃபியா போன பிறகு எண்ணை அழுத்தினாள். அதே பெண் குரல்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு லிசா கூப்பிட்டாள். கரண்ட் வந்துவிட்டது. எல்லோரும் நலம். மியாவுக்குச் சளி. கூடத்தைக் கழுவ ஆள் போதவில்லை என்று மூன்று நிமிடத்தில் வைத்துவிட்டாள். பூசை விஷயத்தை ஃப்ளோரா சொல்லவில்லை. பத்து மணிக்குப் பங்கு அலுவலகம் போனாள். ஷெல்டன் தாள்கட்டுக்குள் அவள் தாளைத் தேடி எடுத்து, "கிழிச்சுடலாமா ஆன்ட்டி?" என்றான். வேண்டாமென்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். வேறு தாளில் கிளிஃபர்ட் பெயரை எழுதிக் கொடுத்தாள். இந்த வருடம் அது விட்டுப்போயிருந்தது. திரும்பும் வழியில் அரை லிட்டர் பால் வாங்கினாள். மதியம் ரசம் வைத்தாள். இனி வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைதான் லிசா கூப்பிடுவாள்.