படத்துக்கு மட்டும் பிள்ளைகள்

"பசங்களோட உள்ள விட முடியாதும்மா" என்று அந்தக் காவலாளி சொன்னபோது, என் பிள்ளைகள் இரண்டு பேரும் அவர் தலைக்கு மேலே ஃபிளெக்ஸ் பேனரில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே, ஒருத்தி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொருவன் என் இடுப்பில் இருந்தான்.

நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும். சோப்பு, கிரீம் என்று வீட்டிலிருந்து தொழில் தொடங்கும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். மெழுகு எங்கே வாங்குவது, லைசென்ஸுக்கு எப்படி விண்ணப்பிப்பது, லேபிளில் என்னென்ன போட வேண்டும் என்றெல்லாம் கேட்கிறார்கள். சொல்லித் தருகிறேன். அவர்கள் யாரும் கேட்காத ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

1. களிம்பு ரசமானது

திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தேன். நாள் முழுக்க சிமெண்ட் தரையில் நிற்கிற வேலை. எங்கள் செக்‌ஷனில் குதிகால் வெடிக்காத பெண் ஒருத்தியும் கிடையாது. மூத்தவள் ஜோவிதா பிறந்தபோது எப்படியோ சமாளித்தேன். இரண்டாவது வயிற்றில் இருந்தபோது நைட் ஷிஃப்டை மாற்றித் தரும்படி கேட்டேன். "முடியலன்னா வீட்ல இரும்மா" என்றார் சூப்பர்வைசர். சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. தேன்மெழுகு, தேங்காய் எண்ணெய், கொஞ்சம் வேப்பெண்ணெய் சேர்த்து, கொதிக்கிற தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, ஒரு பித்தவெடிப்புக் களிம்பு செய்தேன். என்னோடு மில்லில் வேலை பார்த்த செல்விக்கு ஒரு டப்பா கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். "யக்கா, நேத்து செருப்பு இல்லாம மாடிப்படி ஏறுனேன். எரியவே இல்லக்கா!" என்றாள். அவள்தான் என் முதல் விளம்பரம்.

விற்பதற்கு அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஆட்டோடு நடக்கிறவர்கள் கால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இளையவன் ரோஷன் அப்போது கைக்குழந்தை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி விரித்து டப்பாக்களை அடுக்கினேன். நல்ல சித்திரை வெயில். உச்சி வேளைக்குள் அத்தனையும் உருகிவிட்டது. ஒரு வியாபாரி டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஏத்தா, இது காலுக்குத் தடவுறதா, சோத்துல ஊத்திக்கிறதா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் மெழுகைக் கூட்டினேன். இன்றைக்கும் எங்கள் களிம்புக்கு வெயில் காலத்துக்கு ஓர் அளவு, மழைக்காலத்துக்கு ஓர் அளவு உண்டு.

வியாபாரம் மெல்ல ஏறியது. லைசென்ஸ் எடுத்து, தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். செல்வியும், அவளோடு வேலை பார்த்த ஆரோக்கியமும் மில்லை விட்டு என்னிடம் வந்துவிட்டார்கள். என்னை நம்பித்தான் வந்தார்கள். சந்தை வியாபாரத்தை வைத்து இரண்டு பேருக்கு மாதாமாதம் சம்பளம் போட முடியாது என்பது எனக்குச் சீக்கிரமே புரிந்தது. ஒரு பெரிய கடைக்காரர் தொடர்ந்து ஆர்டர் கொடுத்தால் ஷெட் நிற்கும். இல்லையென்றால் இரண்டு பேரும் மில்லுக்கே திரும்ப வேண்டியதுதான்.

2. நேச்சுரலான போட்டோ

அப்போதுதான் சென்னையிலிருந்து போன் வந்தது. தொழில் செய்யும் தாய்மார்களுக்கென்றே ஒரு கூட்டம் நடத்துகிறார்களாம். சென்னையில் நிறைய கிளைகள் வைத்திருக்கும் ஒரு கடையின் பர்ச்சேஸ் மேனேஜர் வருகிறாராம். காலையில் அவரோடு தனியாகப் பேச எனக்கு நேரம் ஒதுக்குவார்களாம். விமான டிக்கெட்டும் அவர்களே போட்டுத் தருவார்களாம். பேசிய அம்மாள்தான் ஒருங்கிணைப்பாளர். தேன் ஒழுகப் பேசினார்.

"ரெஜினா மேம், உங்க குழந்தைங்களோட ஒரு நேச்சுரலான போட்டோ வேணும். இடுப்புல பேபி, கையில ப்ராடக்ட், பக்கத்துல பெரிய பொண்ணு. அதான் மேம் உங்க ஸ்டோரியே!"

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஜோவிதாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற கவுனை மாட்டிவிட்டேன். செல்வி எடுத்த போட்டோவை அனுப்பினேன்.

டிக்கெட் எனக்கு மட்டும்தான் வந்தது. என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகிறவர், அந்த வாரம் வண்டியில் இருந்தார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு அம்மா இல்லை. தாய்மார்கள் கூட்டம்தானே, பிள்ளைகளோடு போனால் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று ஜோவிதாவுக்கு என் கைக்காசில் டிக்கெட் எடுத்தேன். ஒன்றரை வயது ரோஷன் மடியில்.

3. மேலே போனது

மதுரை விமான நிலையத்தில் செக்யூரிட்டி செக். தூளி மாதிரி தோளில் கட்டியிருந்த துணியில் ரோஷன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். துணியை அவிழ்த்துத்தான் ஆகவேண்டும் என்றார்கள். அது அவர்கள் வேலை, நான் குறை சொல்லவில்லை. அவிழ்த்ததும் விழித்தவன்தான், அழுகையை நிறுத்தவில்லை. விமானம் ஏறும்போது காது அடைத்து இன்னும் கத்தினான். ஜோவிதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டே மேகத்தைப் பார்த்தாள்.

நடைபாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காதிலிருந்த ஒயரைக் கழற்றினார். "சின்னப் புள்ளைய வீட்ல விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"வீடு என்ன பீரோவா சார், உள்ள வச்சுப் பூட்டிட்டு வர?" என்றேன். ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

சின்னப் பிள்ளையோடு பறக்கப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். விழுங்கிக்கொண்டே இருந்தால் காது வலிக்காது. இதை எனக்கு விமானப் பணிப்பெண் சொன்னாள். இறங்கும்போது கொடுத்தேன், ரோஷன் தூங்கியே விட்டான். நாள் நன்றாகத்தான் தொடங்குகிறது என்று நினைத்தேன்.

4. அது தீம்

கூட்டம் ஒரு பெரிய ஹோட்டலில். வாசலில் இரண்டு தூண்களுக்கு நடுவே எங்கள் மூன்று பேரையும் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "அம்மா! அங்க பாருங்க, நாம!" என்று ஜோவிதா குதித்தாள். அப்போதுதான் காவலாளி தடுத்தார். நான் பேனரைக் கைகாட்டினேன். அவர் அண்ணாந்து பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்தார். பாவம், அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"இன்னாம்மா பண்றது, எனக்கு அப்படித்தான் சொல்லிக்கிறாங்க" என்றார்.

ஒருங்கிணைப்பாளர் ஓடி வந்தார். "ஐயோ ரெஜினா மேம், குழந்தைங்கள கூட்டிட்டே வந்துட்டீங்களா?"

"நீங்கதான மேடம் தாய்மார்களுக்கான கூட்டம்னு சொன்னீங்க?"

"அது தீம் மேம்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. தாய்மார்கள் என்பது கூட்டத்தின் தலைப்புக்கு மட்டும்தான் என்று பிறகுதான் உறைத்தது.

"வீட்ல பார்த்துக்க யாருமே இல்லையா மேம்? எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிட்டுத்தான வர்றாங்க."

"பாத்துக்க ஆளு இருந்தா நான் எதுக்கு மேடம் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு களிம்பு காய்ச்சுறேன்? அதத்தான போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீங்க?"

சத்தம் போடாதீர்கள் என்பதுபோல் கையை அமர்த்தினார். ரிசப்ஷன் பெண்ணிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார். செல்வியை நினைத்துக்கொண்டு அதற்கும் சம்மதித்தேன். ஹாலுக்குள் கால் வைத்தேன். ரோஷன் போட்ட கூச்சல் கதவைத் தாண்டி வந்தது. ஒருங்கிணைப்பாளர் பின்னாலேயே வந்து, "மேம், ப்ளீஸ், ப்ரோக்ராம் ரெக்கார்ட் ஆகுது" என்றார். வெளியே வந்து அவனைத் தூக்கிக்கொண்டேன். லாபியில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். தாய்மை ஒரு பெண்ணின் வளர்ச்சிக்குத் தடையே அல்ல என்று உள்ளே யாரோ பேசியதைப் பிள்ளையோடு வெளியே நின்று கேட்டேன். கை தட்டினார்கள்.

பால் கொடுக்க இடம் கேட்டேன். ரெஸ்ட் ரூமைக் காட்டினார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு பெண், கழிப்பறை மூடியின் மேல் உட்கார்ந்து கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கூட்டத்துக்கு வந்தவள்தான், கழுத்தில் பேட்ஜ் தொங்கியது. குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துக் கார் நிறுத்துமிடத்தில் ஒளித்து வைத்திருந்தாளாம், பால் கொடுக்க மட்டும் பின்வாசல் வழியாகத் தூக்கி வந்தாளாம். "யார்கிட்டயும் சொல்லிராதீங்கக்கா" என்றாள். தாய்மார்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய், தான் தாய் என்பதை மறைத்துக்கொண்டு திரிந்தாள்.

பிள்ளைகளோடு நான் திரும்பி வந்தபோது எனக்கு ஒதுக்கிய நேரம் போய்விட்டது. மேனேஜரோடு வேறொருவர் பேசிக்கொண்டிருந்தார்.

5. போர்ட்டிகோ

விடவில்லை நான். மேனேஜர் காருக்கு வருகிறவரை போர்ட்டிகோவிலேயே நின்றேன். வந்தார். நல்ல மனுஷன் மாதிரித்தான் தெரிந்தது. டப்பாவைத் திறந்தார், விரலில் எடுத்துப் புறங்கையில் தேய்த்தார், முகர்ந்தார்.

"ப்ராடக்ட் நல்லாருக்கு மேடம். வேப்பெண்ணெ வாசனையே தெரியல."

"எம்புட்டு வேணும்னாலும் போட்டுத் தருவோம் சார். நாங்க மூணு பேரு இருக்கோம்."

அவர் ரோஷனின் கன்னத்தைத் தட்டினார். "குழந்தைங்க ரொம்பச் சின்னதா இருக்கே. மாசா மாசம் சப்ளை தவறாம வருமா?"

"உங்களுக்குப் புள்ளைங்க இருக்கா சார்?"

"ரெண்டு பசங்க" என்று சிரித்தார். "சின்னவனுக்கு இப்பத்தான் ரெண்டு வயசு."

"உங்கள வேலைக்கு எடுக்கும்போது இப்படிக் கேட்டாங்களா?"

சிரிப்பு நின்றது. "பார்க்கலாம் மேடம்" என்று காரில் ஏறிக்கொண்டார். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று பிறகு பலர் சொன்னார்கள். கேட்டது சரிதான்.

கார் போனதும் ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். "எம் புள்ளைங்க உள்ள வரக் கூடாதுன்னா, அவங்க படமும் வாசல்ல இருக்கக் கூடாது. இறக்குங்க."

"ஈவண்ட் முடியட்டும் மேம். ஸ்பான்ஸர்ஸ் வராங்க."

பேனருக்குக் கீழே போய் நின்று கயிற்றைத் தேடினேன். காவலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிச்சு இந்தப் பக்கம் கீதும்மா" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு. அவிழ்த்தேன். ஒரு பக்கம் சரிந்தது, மறுபக்கத்தை இழுத்தேன். மொத்தமும் தடதடவென்று படிக்கட்டில் விழுந்தது. மடித்து ரிசப்ஷன் மேஜையில் வைத்தேன். அடுத்த நாளே அவர்களுடைய வாட்ஸப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள்.

6. பிறகு

ஆர்டர் வரவில்லை. இரண்டு மாதம் இழுத்துப் பார்த்தேன். செல்வியே வந்து, "நான் மில்லுக்குப் போறேங்க்கா. நீங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்க" என்றாள். அன்றைக்கு நான் அழுதேன், கோபத்தில்தான். குதிகால் ஆறி வந்தவளை அதே சிமெண்ட் தரைக்குத் திருப்பி அனுப்பினேன். ஆரோக்கியமும் நானும் குஜிலியம்பாறை, அய்யலூர் என்று சந்தை சந்தையாக அலைந்தோம். மருந்துக் கடைகளில் டப்பா டப்பாவாக வைத்தோம். செல்வியைத் திரும்பக் கூப்பிட ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்றைக்கு ஷெட்டில் இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள். ஷெட்டின் ஓரத்தில் தூளி ஆடுகிறது. எந்த மாதமும் சப்ளை தவறியது கிடையாது.

கோபத்தை விட்டுவிடு, பழசுதானே என்கிறார்கள். ஆர்டர் போனதை விட்டுவிட்டேன். விட முடியாதது வேறு. அன்று திரும்பும் விமானத்தில் ரோஷன் என் மடியில் தூங்கிவிட்டான். ஜோவிதா ஜன்னலைப் பார்க்கவே இல்லை. மெதுவாகக் கேட்டாள்.

"அம்மா, போட்டோல இருக்குற நாங்க அழ மாட்டோம்ல? அதான் அவங்கள மட்டும் வச்சுக்கிட்டாங்களா?"

ஆறு வயதுப் பிள்ளை. தன்னைவிடத் தன் படம் நல்ல பிள்ளை என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

இப்போதும் போன் வருகிறது. பிள்ளைகளோடு ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று உங்களுக்கும் கேட்பார்கள், தேன் ஒழுகத்தான் கேட்பார்கள். அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் இஷ்டம். அதற்கு முன்னால், நேரில் வந்தால் என் பிள்ளை எந்த நாற்காலியில் உட்காரும் என்று கேளுங்கள். நாற்காலி இல்லையென்றால் படமும் இல்லை.