திருப்பலி இல்லாத கல்யாணம்

நாங்கள் கத்தோலிக்கர்கள். நான் காதலித்த சாமுவேல், பட்டாபிராமைச் சேர்ந்த புராட்டஸ்டண்ட். என் கல்யாணம் பாட்டுத் திருப்பலி என்னும் முழுப் பூசையோடு நடக்க வேண்டும் என்பது, ஆவடி கோயிலில் பாடகராக இருக்கும் அப்பாவின் வெகுநாள் ஆசை.

அப்பா, நான், சாமுவேல் மூவரும் எங்கள் கோயில் பங்குச்சாமியாரைப் பார்க்கப் போனோம். திருப்பலி வைக்கலாம், ஆனால் கத்தோலிக்கர் அல்லாத மாப்பிள்ளை வீட்டாருக்கு அதில் நற்கருணை அப்பம் கொடுக்க முடியாது என்று அவர் தயக்கத்தோடு சொன்னார்.

"பரவால்ல ஃபாதர், நாங்க உக்காந்திருக்கோம்" என்றார் சாமுவேல்.

அப்பா சாமுவேலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கல்யாணத்தன்னைக்கே பொண்ணு ஒரு பக்கம், மாப்ள ஒரு பக்கமா? திருப்பலியே வேணாம் ஃபாதர். பைபிள் வாசிச்சு, ஜெபம் பண்ணி, தாலி கட்டட்டும்" என்றார்.

அப்படியே கல்யாணம் நடந்தது. அடுத்த ஞாயிறு அப்பா திருப்பலிக்குக் கிளம்பியபோது நாங்களும் கூடப் போனோம். நற்கருணைக்கு எல்லாரும் வரிசையில் நின்றார்கள்; நானும் எழுந்தேன். சாமுவேலைத் தனியாக விட மனமில்லாமல் அப்பா எழுந்திருக்கவே இல்லை.

"போங்க மாமா. நீங்க வாங்கிட்டு வர்ற வரைக்கும் நான் ஜெபம் பண்ணிகினு இருக்கேன்" என்றார் சாமுவேல்.

அப்பா போய் வாங்கிக்கொண்டு வந்து, மருமகனின் தோளை ஒட்டி முழந்தாளிட்டார். இந்தக் கல்யாணத்தால் அப்பா, சாமுவேல் இருவரில் ஒருவரையாவது இழந்துவிடுவேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன். அந்தப் பயம் அன்றைக்குத்தான் என்னை விட்டுப் போனது.