புதன்கிழமைச் சாம்பிராணி

காலையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் குடியிருக்கும் ஜோடியின் பக்கமிருந்து சாம்பிராணி வாசம் வந்தது. இன்று புதன்கிழமை. நம் வீடுகளில் சாம்பிராணிக்குச் செவ்வாயும் வெள்ளியும் போதும். தினமும் மணந்தால் அங்கே பச்சைப்பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிறார்கள் என்று பொருள். நேற்றும் மணந்தது, முந்தாநாளும் மணந்தது. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. கூடவே, வேண்டாத விருந்தாளியாக வீட்டுக்கார அக்காவின் நினைவும் வந்தது.

கல்யாணமான புதிதில் மலாக்கா டவுனில் ஓர் அடுக்குமாடியில் அவரிடம்தான் குடியிருந்தோம். வீட்டைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் அவர், மறுபாதியில் நானும் என் கணவரும். மீட்டர் ஒன்றுதான். சாவி கொடுக்கும்போதே சொல்லிவிட்டார். “கரண்டு, தண்ணி எல்லாம் வாடகையிலயே சேந்துச்சி. ஆனா ரெண்டு பேருதான்லா. மூணாவது ஆளு வந்தா காலி பண்ணிடணும்.” நான் அப்போது மூன்று மாதம். அதுவரை பார்த்த வீடுகளில் பாதி, எங்கள் இந்திய முகத்தைக் கண்டதுமே வேறு ஆள் வந்துவிட்டது என்று கதவடைத்தவை. இருவரும் பலமாகத் தலையாட்டினோம்.

அக்காவுக்கு முட்டி வலி, வெளியே வருவது அபூர்வம். அதற்கும் சேர்த்து அவருடைய காதுகள் வேலை பார்த்தன. ஹீட்டர் கொஞ்சம் கூடுதலாக ஓடினால் பலகையில் ‘டொக் டொக்’ என்று தட்டுவார். நான் தொளதொள சட்டை போட்டு, மார்க்கெட் பையை முன்னால் பிடித்தபடியே மாதங்களைத் தள்ளினேன். செர்காம் என்ற ஊரில் என் கூடப்பிறந்த அக்காள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றேன். திரும்பி வந்தபோது, என் மகளைத் துணிக்கூடையில் படுக்கவைத்து மேலே துண்டைப் போர்த்தி என் கணவர் தூக்கி வந்தார். நான் முன்னால் சத்தமாகப் பேசிக்கொண்டே நடந்தேன்.

அதன் பிறகு நிம்மதி என்பதே இல்லை. பிள்ளை அழுதால் டிவி சத்தத்தைக் கூட்டுவோம். டிவியும் கரண்டுதானே, பலகை தட்டப்படும். குறைத்தால் அழுகை கேட்டுவிடும். பிள்ளை உதட்டைப் பிதுக்கினாலே வாரித் தோளில் போட்டுக்கொள்வேன். கைப்பிள்ளையோடு தெருவில் நிற்கவேண்டியதுதான் என்ற பயம் சோற்றையும் தூக்கத்தையும் கெடுத்தது. எல்லாவற்றையும் மறைத்தோம். சாம்பிராணியை மறைக்கவேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை. குளிப்பாட்டிய பிள்ளைக்குப் புகை காட்டாமல் எப்படி இருப்பது? சளி பிடித்துவிடாதா?

ஒருநாள் கதவு தட்டப்பட்டது. “தெனம் சாம்பிராணி வாசம் வருதே, எங்க புள்ள?” என்றார் அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். என் மகளை வெகுநேரம் பார்த்தார். சாம்பிராணிக் கரண்டியின் ஓரத்துச் சாம்பலைத் தொட்டு அவள் நெற்றியில் வைத்தார். தப்பித்தோம் என்று என் கணவர் மூச்சு விட்டார். வாசலுக்குப் போனதும், திரும்பிப் பார்க்காமலே, “மாசம் முடிஞ்சதும் காலி பண்ணிடுங்க. நா அப்பவே சொன்னேன்லா,” என்றார். குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான் மன்னிக்கவில்லை. பல வருஷம் அவரை வாய் வலிக்கத் திட்டினேன்.

இப்போது நான் வீட்டுக்காரி. பின்னறையை வாடகைக்கு விட்டபோது, கரண்டும் தண்ணீரும் சேர்த்துத்தான், ரெண்டு பேருதான் என்று நானும் சொன்னேன். நாக்கு கூசவில்லை. அவர்கள் ஹீட்டர் ஓடும் சத்தம் என் மண்டைக்குள் ஓடுகிறது. ஆள் இல்லாத அறையில் காற்றாடி சுற்றினால் நிறுத்தக் கை துடிக்கிறது. அதற்கு மேல் இந்தப் பொய் வேறு. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று விறுவிறுவென்று பின்பக்கம் போனேன்.

கதவருகே போனபோது உள்ளே சின்னதாக ஒரு சிணுங்கல். என் செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சட்டென்று டிவி அலறியது.

தட்டப் போன கை அப்படியே நின்றது.

“டிவிய கொறைம்மா,” என்றேன் கதவைப் பார்த்து. “புள்ள பயந்துக்கும்.”

டிவி நின்றது. பிறகு அந்தப் பிள்ளை வாய்விட்டு அழுதது.