எல்லாவற்றுக்கும் 'டி'

கணினி நிரலில் ஒவ்வோர் அளவுக்கும் அதன் வேலையைச் சொல்லும் பெயர் இருக்க வேண்டும் என்பது எங்கள் வரைபடப் பிரிவின் விதி. எழுதியவன் நான். எண்ணூர் தொழிற்சாலையில், வரைபடம் வரைவதற்கு, அடைப்புக்குறிகள் நிறைந்த லிஸ்ப் என்ற கணினி மொழியில் நிரல் எழுதிய அந்த மனிதர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பார். அடைப்புக்குறிகளை மூடும்போது மட்டும் உதடசைய விரல்விட்டு எண்ணுவார்.

குழாயின் விட்டத்துக்கும் ஆங்கில எழுத்து 'டி', துளைகளின் இடைவெளிக்கும் 'டி' என்றே பெயர் வைத்திருந்தார். ஒரு நிரலின் 'டி' இன்னொன்றில் புகுந்து, வரைபடத்தில் துளைகள் இடம் மாறின. நிர்வாகம் இடைநீக்கம் செய்ததோ, வரைபடத்தை நம்பித் தகட்டில் துளையிட்ட பிட்டரை.

"பேரை முழுசா வெச்சா என்னய்யா?" என்று கத்தினேன்.

"நீளமா வெச்சா டைப் அடிக்கிறது பேஜாரு சார். எது இன்னான்னு எனுக்குத் தெரியும்."

"அப்ப தப்பு உன்னுதுன்னு எழுதிக் குடு."

"புரோகிராம் ஓடிகினுதானே கீது சார்? உள்ள யாரு பாக்கப் போறாங்க?"

நான் பார்த்தேன். இரண்டு 'டி'க்களையும் அடிக்கோடிட்டு, பிட்டரைத் திரும்பச் சேர்க்கும்படி தலைமையகத்துக்கு எழுதினேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன். காத்திருந்து அலுத்த பிட்டர், மீஞ்சூர் பக்கம் கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போய்விட்டார்.

இடைநீக்கம் ரத்து என்ற பதில் ஆயுதபூஜை அன்று வந்தது. அந்த மனிதர் தன் கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணியபடி.