சுமியே அக்காவின் நத்தை

ஹொரிகோஷி சுமியே அக்காவுக்குத் தொழிற்சாலையில் சொந்தமாக ஓர் இடம் கிடையாது. ஷியோகாமா துறைமுகத்துக்குப் பின்னால், மீன் விழுதில் பலகாரம் செய்யும் தொழிற்சாலை அது. யார் லீவு போட்டாலும் அந்த இடத்தில் போய் நிற்பதுதான் அவர் வேலை. ஒருநாள் குச்சியில் விழுது சுற்றுவார், மறுநாள் பெட்டி ஒட்டுவார். நாற்பத்தாறு வயது, தனி ஆள். எதற்கும் அவரை முதலில் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வேண்டும்! ஸ்டேஷன் பக்கத்தில் ஓத்சுகி அண்ணன் நடத்தும் கேம் கடையின் மாடியில், ஜன்னலோர நாற்காலியில், கையில் கேமோடு குனிந்து உட்கார்ந்திருப்பார்.

நாங்கள் எல்லோரும் ஆடுவது 'யமாபிக்கோ'. காடு மேடெல்லாம் சுற்றி விசித்திர மிருகங்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் விளையாட்டு. எங்கள் கடையில் மட்டும் ஒரு கிறுக்கு வழக்கம் உண்டு, 'ஒற்றை உயிர்' என்று பெயர். ஒவ்வொரு இடத்திலும் முதலில் எதிர்ப்படும் மிருகத்தை மட்டும்தான் பிடிக்கலாம். பிடித்தால் பெயர் வைத்தாக வேண்டும். போட்டியில் ஒரே ஒரு தடவை அது விழுந்தாலும் போச்சு, ஆட்டம் முடிந்ததும் காட்டில் விட்டுவிட வேண்டும். விட்டது திரும்பி வராது. வீட்டில் தனியாக ஆடும்போது யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனாலும் யாரும் ஏமாற்றுவதில்லை.

போன மழைக்காலத்தில் சுமியே அக்கா நாணல் சதுப்புக்குள் நுழைந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். கேமிலும் மழை. அந்தச் சதுப்பில் பாதிப் பேருக்கு நீலக் கொக்கு கிடைத்திருந்தது, தெப்பெய்க்குத் தீ நரி. தெப்பெய் கல்லூரிப் பையன், கன்வீனியன்ஸ் கடையில் பகுதி நேர வேலை. தன்னை விரட்டும் மேனேஜரைத் தானும் விரட்ட வேண்டுமென்று நரிக்கு 'மேனேஜர்' என்றே பெயர் வைத்திருந்தான்.

நாணல் அசைந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தோம். வந்தது ஒரு நத்தை! அந்த விளையாட்டிலேயே மெதுவான, யாரும் சீண்டாத நத்தை.

"அக்கா, ஓடிருங்க! மறுபடி உள்ள போங்க, நாங்க பாக்கலை" என்றேன்.

"வெண்ணெய் போட்டு வதக்கிடலாம்கா" என்றான் தெப்பெய்.

"சும்மா இருடா. வந்துருச்சுல்ல? வந்ததைப் போய் வேணாம்னு எப்படிச் சொல்றது?"

அக்காவிடம் மூன்று வலைதான் மிச்சம். முதல் வலையை நத்தை அறுத்தது. இரண்டாவதையும் அறுத்தது. இதுவும் போனால் சதுப்பில் அவருக்கு எதுவுமே இல்லை, வருஷம் முழுக்க ஓர் ஆள் குறைவாகத்தான் ஆட வேண்டும். மூன்றாவதை வீசிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வலை ஆடியது, இன்னொரு முறை ஆடியது, நின்றது.

"சிகுவா" என்று பெயர் தட்டினார்.

"சிகுவாவா? நடுவுல ஓட்டை இருக்குமே, அந்த மீன் பலகாரமா?"

"காலையிலேருந்து கண்ணு முன்னாடி அதுதான் ஓடிட்டிருந்துச்சு. வேற என்ன தோணும்?"

சிரித்தோம். ஆனால் அக்கா அந்த நத்தையை உட்கார்ந்து படித்தார். மழை பெய்தால் அதன் காயம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். வெயிலில் காய்ந்துபோகும். அது துப்பும் பசை பெரிதாக அடிக்காது, ஆனால் பட்டவனின் வேகத்தைக் குறைக்கும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அக்கா கடைப் போட்டியில் ஒவ்வொரு சுற்றாக ஏறி வந்தார். கடையின் இறுதிப் போட்டி! ஜெயித்தால் டோக்கியோவில் நடக்கும் பெரிய போட்டிக்கு எங்கள் கடையின் ஒரே ஆளாகப் போகலாம்.

எதிரே தெப்பெய்.

அக்காவிடம் கடைசியாக இரண்டு மிருகங்கள் மிஞ்சின, ரின்கோ என்ற காட்டுக் கொக்கும் சிகுவாவும். தெப்பெயிடம் மேனேஜர் மட்டும், ஆனால் காயமே படாத மேனேஜர். ரின்கோ ஒரு தடவை ஓங்கிக் கொத்தியிருந்தால் நரிக்குப் பாதி உயிர் போயிருக்கும். அக்கா கொத்தவில்லை, மழையை வரவழைத்தார்.

"ஐயோ, ஏன்கா!" என்று கத்தினேன்.

நரி பாய்ந்தது. ரின்கோ விழுந்தது.

ஓத்சுகி அண்ணன் குனிந்து மெதுவாகக் கேட்டார். "சுமியே, இப்பவே தோத்தேன்னு சொல்லிட்டா சிகுவா உன்னோடயே இருக்கும். வழக்கம் தெரியும்ல?"

அக்காவின் கட்டைவிரல் பட்டனுக்கு மேலே நின்றது. மழைக்காலத்திலிருந்து தினமும் சாப்பாட்டு இடைவேளையில் அவர் வளர்த்த நத்தை. விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"ஆடுறேன்."

சிகுவா இறங்கியது. நரி நெருப்பைக் கக்கியது. மழையில் நெருப்பு பாதியாகத்தான் பட்டது, ஆனாலும் நத்தையின் ஹெல்த் கோடு சரசரவென்று இறங்கியது. அக்கா பசையைத் துப்பினார். மழை கொஞ்சம் ஆற்றியது. மறுபடி நெருப்பு, மறுபடி பசை. மேனேஜரின் கோடும் மெல்ல மெல்லத் தேய்ந்தது.

"அக்கா, வலிக்காம அடிக்கிறீங்களே! மேனேஜருக்குக் கூச்சமா இருக்காம்" என்றான் தெப்பெய்.

"கூசட்டும், கூசட்டும்."

இன்னொரு நெருப்பு, இன்னொரு பசை. அதோடு மழை நின்றது. இரண்டு கோடும் சிவப்பு. யார் முதலில் தொட்டாலும் மற்றது காலி.

தெப்பெயிடம் ஒரு கேடயம் இருந்தது. போட்டிருந்தால் அந்த அடியைத் தாங்கிவிட்டு, அடுத்த சுற்றில் வெயிலைக் கொண்டுவந்து நத்தையைக் காயவைத்திருக்கலாம். அவன் யோசிக்கக்கூட இல்லை. எல்லா மிருகத்தின் வேகமும் அவனுக்கு மனப்பாடம், நத்தைதான் கடைசி. எங்களுக்கும் அப்படித்தான் மனப்பாடம். பசை எத்தனை தடவை பட்டது என்று எங்களில் ஒருவரும் எண்ணவில்லை.

"மன்னிச்சிருங்கக்கா" என்று சொல்லிப் பெரிய நெருப்பை அழுத்தினான்.

அக்காவும் அழுத்தினார்.

திரையில் முதலில் நகர்ந்தது சிகுவா! ஒரு துளி பசை. மேனேஜர் தள்ளாடி, உட்கார்ந்து, சாய்ந்தது.

"நத்தை முந்திருச்சா?" தெப்பெயின் குரல் கீச்சிட்டது. "நத்தையா முந்துச்சு?"

நான் நாற்காலி மேல் ஏறிக் குதித்தேன். ஓத்சுகி அண்ணன் கை தட்டினார். அக்கா மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிவப்புக் கோட்டின் நுனியில் உயிர் ஒட்டிக்கொண்டிருக்க, சிகுவா கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தது.

பிறகுதான் வழக்கம் நினைவுக்கு வந்தது. முன்பே விழுந்த மற்றவற்றை இருவரும் விட்டாயிற்று, தெப்பெயின் திரையில் மேனேஜருக்கான கேள்வி நின்றது. காட்டில் விடலாமா? ஆம், இல்லை. அவன் தலை குனிந்திருந்தான்.

"அக்கா, நீங்க அழுத்திருங்களேன்."

"மாட்டேன். மேனேஜர் உன் ஆளு. நீதான் வழியனுப்பணும்."

"வீட்டுக்குப் போய் பண்ணிக்கிறேனே..."

"வீட்டுக்குப் போனா பண்ணமாட்டே. எனக்கே மனசு வராது." அக்கா தன் திரையைத் திருப்பிக் காட்டினார். அங்கே ரின்கோவுக்கும் அதே கேள்வி. "மழை கொண்டு வந்தது இவதான். இவ இல்லாம சிகுவா இல்ல. வா, சேந்து அழுத்துவோம்."

இருவரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள்.

"சே... நோ!" என்று ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதுபோல் சேர்ந்து சொல்லி அழுத்தினார்கள்.

ரின்கோ சிறகை விரித்து மேலே போனது. நரி புல்லுக்குள் நுழைந்து ஓடியது.

"திரும்பிக்கூடப் பாக்கலையேக்கா, துரோகி" என்றான் தெப்பெய், சிரித்துக்கொண்டே, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சுமியே அக்கா மூக்கை உறிஞ்சினார். கேமை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, டோக்கியோவுக்கு எந்த ரயிலில் போக வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.