வாயசைப்புக் கோஷ்டி

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாடத் தெரியாத பிள்ளைகளுக்கும் பாட்டில் இடம் உண்டு. கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்க வேண்டும். சத்தம் வரக் கூடாது. வெளியாள் யார் வந்தாலும் இதுதான் ஏற்பாடு. வாயசைப்புக் கோஷ்டி என்றே அதற்குப் பெயர். நான் அதில் நின்றதில்லை. தலத்தெருவிலிருந்து ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பாடகர் குழுவில் முன்னால் நிற்கிறவள் நான். ஏழாம் வகுப்பிலேயே அந்தக் கர்வம் என் உயரத்துக்கு மேல் ஒரு முழம் வளர்ந்திருந்தது.

பாட்டு டீச்சர் வேறு யாருமில்லை, என் சித்திதான். அம்மாவின் தங்கை, எங்கள் வீட்டிலேயே இருந்தாள். "அவ பாடுனா அடுப்புல கொழம்பு கொதிக்க மறந்துடும்" என்பார் அப்பா. பள்ளியில் அவளுக்கு ஒப்பந்த வேலை. வாரத்தில் ஒரே ஒரு பாட்டுப் பீரியட். அதையும் பல வாரம் கணக்கு வாத்தியார், "பாட்டுதானே டீச்சர்" என்று வாங்கிக்கொள்வார். சித்தி சிரித்தபடி சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவாள்.

அந்த வருஷம் கல்வி அதிகாரி பாட்டு வகுப்பைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அவர் நல்லபடியாக எழுதினால்தான் சித்தியின் ஒப்பந்தம் நீளும். அம்மா மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

மழையைப் பற்றிச் சித்தியே கட்டிய பாட்டு. முதல் இரண்டு அடிகளை ஒருத்தி தனியாகப் பாட வேண்டும், பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்துகொள்ளும். அந்த ஒருத்தி நான்தான் என்று எழுந்தே நின்றுவிட்டேன். சித்தி கை காட்டியது காரைக்கால்மேட்டு மாலதியை. கடலுக்குப் போகிறவர் மகள். பெஞ்சு ஓரத்தில் இருப்பதே தெரியாமல் இருப்பவள்.

வீட்டுக்கு வந்து குதித்தேன்.

"நீ வாரா வாரம் கோயில்ல பாடுற. அவளுக்கு இது ஒண்ணுதான்டி இருக்கு" என்றாள் சித்தி.

"அப்ப நான்?"

"எல்லாரோடவும் சேந்து பாடு. கூட்டத்தோட பாடவும் ஒரு மனசு வேணும்டி."

எனக்கு அந்த மனசு இல்லை.

அதிகாரி வரும் நாள் காலையில் பெஞ்சு பெஞ்சாகப் போனேன். "டீச்சர் சொல்லச் சொன்னாங்க. மாலதி பாடி முடிச்சதும் எல்லாரும் வாயை மட்டும் அசைக்கணுமாம்."

"எல்லாருமா? நல்லாப் பாடுறவங்களுமா?" என்றான் முன்பெஞ்சுக்காரன்.

"எல்லாருந்தான்."

"எங்கள்ட்ட டீச்சர் சொல்லலியே?"

"அவங்க வீட்லேர்ந்துதானடா நானே வர்றேன்!"

அதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. மாலதி தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பாள், சித்திக்கு என் அருமை தெரியும். என் புத்தி போன தூரம் அவ்வளவுதான்.

அதிகாரி வந்து உட்கார்ந்தார். மாலதி எழுந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நடுக்கமெல்லாம் முதல் சொல்லோடு போய்விட்டது, கணீரென்று பாடினாள். அதிகாரியின் தலைகூட லேசாக ஆடியது. பிறகு சித்தி எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

நாற்பது வாய்கள் திறந்தன, மூடின. சுருதிப்பெட்டி மட்டும் ஙொய்யென்று இழுத்துக்கொண்டிருந்தது. சித்தி கையை இன்னும் உயர்த்தினாள். பிள்ளைகள் வாயை இன்னும் அகலமாகத் திறந்தார்கள்.

"ஏம்ப்பா, சத்தத்தையே காணோமே?" என்று முன்பெஞ்சுக்காரனைக் கேட்டார் அதிகாரி.

"டீச்சர்தான் சார் வாயை மட்டும் அசைக்கச் சொன்னாங்க" என்றான் அவன், சொன்னதைச் சரியாகச் செய்துவிட்ட பெருமையோடு.

சித்தியின் கண் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றி என்னிடம் வந்து நின்றது. நான் குனிந்து என் கால்விரல்களைப் பார்த்தேன்.

"அப்படியா டீச்சர்?"

"ஆமா சார். நான்தான் சொன்னேன்."

"ஒரு பிள்ளையைத் தயார் பண்ணிட்டு மத்ததுக்கெல்லாம் வேஷமா?" என்று அவர் எழுந்தார். மாலதி அதற்குள் பெஞ்சு ஓரத்துக்கு நகர்ந்திருந்தாள். அதன்பின் அவள் பாடி நான் கேட்டதில்லை.

ஜூன் மாதம் ஒப்பந்தம் நீளவில்லை. பாட்டுப் பீரியட் ஒரேயடியாகக் கணக்கு வாத்தியாரிடம் போனது. சித்தி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை விரித்துக் காட்டப் போனாள். "அந்த ஆபீசருக்குக் காது வைக்கிற எடத்துல கல்லை வச்சு அனுப்பிட்டாங்க" என்று அம்மா திட்டித் தீர்த்தாள். சித்தி வாயிலிருந்து என் பெயர் வரவே இல்லை. யார் வேலை என்று தெரிந்திருந்தால் அடித்திருப்பாளே, அவளுக்குத் தெரியாது என்று முடிவு கட்டிக்கொண்டு, இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் நான் வழக்கம்போல் முன்னால் நின்று பாடினேன். எதிரே மூன்றாவது பெஞ்சில் சித்தி, பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பாள். எத்தனை பேர் பாடினாலும் அவள் குரல் எனக்குத் தனியாகக் கேட்கும். இப்போது கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் அம்மாவைச் சுக்குக் கஷாயம் போடச் சொல்லி, நானே ஆற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி என்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்துவிட்டு, டம்ளரை என் கையில் திருப்பித் தந்தாள்.